நிற்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மதுரையில் 28 வருஷமாக ஜீப் பட்டறை நடத்திவருகிறேன். கொடைக்கானல், தாண்டிக்குடி, சிறுமலை, மேகமலை, போடிமெட்டு என்று நம்மைச் சுற்றியிருக்கிற மலைகளிலிருந்து இறங்கி வருகிற வண்டிகள்தான் எங்களிடம் அதிகம். ஐப்பசி பிறந்து முதல் அடைமழை விழுந்ததோ இல்லையோ, போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, பழசுல ஒரு ஃபோர் வீல் வண்டி பாத்துக் குடுங்க. மழையோ பனியோ, வருஷம் பூரா மலைக்குப் போய்வரணும்." தோட்டம் வைத்திருப்பவர், மேலே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போன வாத்தியார், வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க மலையேறுகிற பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே நம்பிக்கைதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வழுக்காது என்று.

முதலில் அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பிறகு வண்டிக்கு அடியில் என்னென்ன பார்ப்பது என்று சொல்கிறேன். கடைசியில் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் விவரங்கள்.

சாதாரணக் காரில் என்ஜினின் இழுவை இரண்டு சக்கரத்துக்குத்தான் போகும். ஃபோர் வீல் வண்டியில் நாலுக்கும் போகும். பின்சக்கரம் சேற்றில் புதைந்தால் முன்சக்கரம் இழுத்து வெளியே கொண்டுவரும். தோட்டத்துப் பாதையில் அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பிரேக் எத்தனை சக்கரத்தில் பிடிக்கிறது? எந்த வண்டியானாலும் நாலிலும்தான். பழைய மாருதி 800-லும் நாலு, அம்பாசடரிலும் நாலு, இருபது லட்ச ரூபாய் ஜீப்பிலும் நாலு. கிளம்பும்போதுதான் ஃபோர் வீல் வண்டிக்கு மவுசு. நிற்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான். இதை நான் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டிரைவர். 1993, கார்த்திகை மாதம். அப்போது நான் ஒரு பட்டறையில் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றுகிற ஒரு மகிந்திரா ஜீப் எங்களிடம் வந்திருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்து, பேரிங் மாற்றிப் பூட்டியிருந்தோம். அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் கியர்பாக்ஸிலிருந்து வருகிற இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. வேலை சரியாயிருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க, அந்த வண்டி டிரைவரோடு என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். டிரைவருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும்.

சிறுமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், திண்டுக்கல்லிலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேலே போய்த் தோட்டத்துச் சேற்றுக்குள் இறக்கி, ஃபோர் வீல் போட்டு ஏற்றினோம். வெள்ளாடு பாறையில் ஏறுகிற மாதிரி ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என் கையால் பூட்டிய பெட்டி அல்லவா. "எறக்கத்துல நான் ஓட்டுறேன் அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

ஃபோர் வீல் போட்டபடியே தார் ரோட்டில் இறங்கினேன். அதுவே தப்பு, அது ஏன் தப்பென்று பிறகு சொல்கிறேன். நாலாவதோ ஐந்தாவதோ வளைவு. ரோட்டில் ஈர இலை, மேலேயிருந்து கரைந்து வந்த செம்மண். பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒடித்த பக்கம் போகாமல் நேராகப் போகிறது. நல்லவேளையாக அது மலைப்பக்கம். மண்மேட்டில் மோதி, பம்பர் வளைந்து, மட்கார்டு நசுங்கி நின்றது. பள்ளத்துப் பக்கமாயிருந்தால் இன்றைக்கு உங்களிடம் பேச நான் இல்லை.

அவர் திட்டவில்லை. இறங்கி, டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் டயரைத் தடவிப் பார்த்தார். என் கையையும் பிடித்துத் தடவவைத்தார். பட்டன், அதாவது டயரின் மேலிருக்கிற ரப்பர் கட்டைகள், தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. "தம்பி, ஏறுறதுக்கு நாலு சக்கரமும் இழுக்கும். நிக்கணும்னா டயர்தான் நிறுத்தணும். நீ பெட்டியப் பாத்த, டயரப் பாக்கலயே" என்றார். அப்புறம் ஃபோர் வீலை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை இறக்கினார். பிரேக்கில் கால் வைத்தது ஏழெட்டு தடவைதான் இருக்கும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் காயாது.

செங்குத்தான மண்பாதையில் இறங்கும்போது மட்டும் ஃபோர் வீல் கொஞ்சம் கூடுதல் துணை. அந்த என்ஜின் பிடி நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும். அங்கேயும் பெடலை மிதித்துவிட்டால், மறுபடி டயர் கணக்குத்தான். இன்னொன்று, 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் எவ்வளவு தூரம் இழுக்குமோ, 40-இல் அதைப்போல் நாலு மடங்கு இழுக்கும். இரண்டு மடங்கு என்று நினைத்துத்தான் வளைவில் ஏமாறுகிறோம்.

சரி, தார் ரோட்டில் ஃபோர் வீல் போடுவது ஏன் தப்பு? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி முக்கில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சக்கரம் கொஞ்ச தூரம். வண்டியும் அப்படித்தான். வளைவில் முன்சக்கரங்கள் அகலமாகச் சுற்றிப் போகும், பின்சக்கரங்கள் உள்ளடங்கி வரும். பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே சுற்று சுற்றும்படி பூட்டிவிடுகிறோம். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. அந்த முறுக்கெல்லாம் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டிலும், அதன் மூட்டான கிராஸிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். எங்கள் பட்டறைக்கு கிராஸ் உடைந்து வருகிற வண்டிகளில் நிறைய இப்படி உடைந்தவை.

இப்போது வருகிற ஏ.டபிள்யூ.டி., அதாவது ஆல் வீல் டிரைவ் கார்கள் வேறு ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்கிற டிஃபரன்ஷியலோ கிளட்சோ இருக்கும். தாரிலும் ஓடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்மானம். இரண்டு புதுசு, இரண்டு தேய்ந்தது என்று மாட்டினால் நேர் ரோட்டில்கூட சக்கரங்கள் வேறு வேறு சுற்று சுற்றும். நடுவில் இருக்கிற கிளட்ச் ஓய்வே இல்லாமல் வேலை செய்து சூடேறிப் போய்விடும். பழைய ஏ.டபிள்யூ.டி. வாங்கப் போகிறவர் நாலு டயரையும் பாருங்கள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு தேய்மானம் என்றால், முன்னால் வைத்திருந்தவர் வண்டியை எப்படி நடத்தினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

என் தங்கை மகள் கனடாவில் மாண்ட்ரியாலில் இருக்கிறாள். நமக்கு தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி. அங்கே கொட்டுகிற பனியோ ரோட்டையே மூடிவிடும். ஒரு நாள் வீடியோ போனில் வந்தாள். "மாமா, பழைய ஏ.டபிள்யூ.டி. ஒண்ணு பாத்திருக்கேன். நாலு வீலும் இழுக்குது, பனி டயரெல்லாம் தேவையில்லைன்னு விக்கிறவர் சொல்றாரு." கேட்டதும் எனக்குச் சிறுமலை ஞாபகம் வந்துவிட்டது. "தாயி, நிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான்" என்று அவளுக்கும் அதையேதான் சொன்னேன். அப்புறம் விசாரித்தால், அவள் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஏ.டபிள்யூ.டி. என்பதற்காகச் சலுகை கிடையாது. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாயிருந்து ரோட்டைக் கவ்வும். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கும், அதுதான் அடையாளம்.

"வண்டிக்கு அடியில போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். அனுப்பினாள். பார்த்ததும் எனக்கு தனுஷ்கோடி வண்டிகள் நினைவுக்கு வந்தன. 2017-இல் தார் ரோடு திறப்பதற்கு முன்னால், தனுஷ்கோடிக்கு ஈர மணலிலும் கடல்தண்ணீரிலும்தான் ஃபோர் வீல் வண்டிகள் ஆள் ஏற்றிப் போகும். அந்த வண்டிகள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று விற்பனைக்கு வரும். அடியில் படுத்துப் பார்த்தால் சேஸிஸ் அப்பளமாகப் பொரிந்திருக்கும். கனடாவில் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். எங்கேயிருந்து வந்தாலும் உப்பு இரும்பைத் தின்னத்தானே செய்யும். அவள் அந்த வண்டியை விட்டுவிட்டு, முன்சக்கரம் மட்டும் இழுக்கிற ஒரு சின்னக் காரும் நல்ல பனி டயர் நாலும் வாங்கினாள். அதில்தான் வேலைக்குப் போய்வருகிறாள்.

ஆகவே நீங்களும் குனிந்து பாருங்கள். பாய் விரித்துப் படுத்தே பாருங்கள், டார்ச்சோடு. முதலில், முன்சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். கிராஸ் சத்தம் போடுகிறது, டீசல் மிச்சம் என்று பலர் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பின்னால் ஃபோர் வீல் என்று எழுத்து மட்டும் இருக்கும். சில வண்டிகளில் முன்சக்கரத்து நடுவில் கையால் திருப்புகிற பூட்டு உண்டு. அது துருப்பிடித்துத் திரும்பாமல் போயிருந்தால் லீவரைப் போட்டும் பிரயோஜனமில்லை. மண்தரையில் நிறுத்தி, ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி முரண்டு பிடித்தால் பழைய ஜீப்பில் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெயிலில் ஜிகினா மாதிரி மின்னினால் உள்ளே பல்சக்கரம் தேய்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறங்கிய வண்டி. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். மலையிறக்கத்தில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

டயரில் நாலு எண் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் போயிருக்கும், கை வைத்தால் தெரியும். பட்டனுக்கு நடுவிலுள்ள சின்ன மேடு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படி அதோடு சரி. மலையில் மழைக்காலத்துக்கு நான் அதுவரை விடச் சொல்லமாட்டேன். தார் ரோடு முடிகிற இடத்தோடு உங்கள் பயணமும் முடிகிறதென்றால், ஃபோர் வீலுக்குக் கொடுக்கிற பணத்தை டயருக்குக் கொடுங்கள். செம்மண் பாதையில் தோட்டம் வரை போகிறவர் மட்டும் ஃபோர் வீல் தேடுங்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்வர நல்ல டயர் போட்ட சாதாரணக் கார் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான். ஆர்.சி. விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதற்கு மேல் தகுதிச் சோதனை செய்து 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய ஜீப் வாங்குகிறவர் அந்தத் தேதியை முதலில் பாருங்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. கேரள வண்டியானால் அங்கேயிருந்து தடையின்மைச் சான்று, அது படிவம் 28. இது கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். சேஸிஸ் எண் சேறு பிடித்துப் படிக்க முடியாமல் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணி ஒன்று கொண்டுபோய்த் துடைத்து, புத்தகத்தில் இருக்கிற எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். என்ஜின் எண்ணையும் அப்படியே. வணக்கம்.