போனவர்களுக்குப் பக்கம் இல்லாத பதிவேடு

தலைவர் அவர்களே, குருமார்களே, சபைப் பெரியோர்களே,

எந்தத் திருச்சபை அலுவலகத்துக்குச் சென்றாலும் இரும்பு அலுமாரிக்குள் தடித்த அட்டை போட்ட பதிவேடுகள் அடுக்கியிருக்கக் காண்போம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த சபைப் பிரிவிலும், பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால், உயிரோடிருக்கும் ஒருவர் சபையைவிட்டு விலகினார் என்று எழுதுவதற்கெனத் தனியே ஒரு புத்தகம் அந்த அடுக்கில் இல்லை. 'முறைப்படியான செயலால் விலகியவர்' என்று திருமண விதிகளில் இருந்த சொற்றொடரையும், அது குழப்பத்தையே வளர்த்தது என்பதால், பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009இல் நீக்கிவிட்டார்.

ஜேர்மனியில் நிலைமை வேறு. அங்கே வருமான வரியின்மேல் மாநிலத்தைப் பொறுத்து 8 அல்லது 9 வீதம் சபை வரியாக அறவிடப்படுவதால், விலக விரும்புபவர் அரசு அலுவலகத்தில் அதை முறைப்படி அறிவிக்கிறார். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கணக்கு மிகத் துல்லியமாக இருப்பது உலக வழக்கந்தானே!

பெயர் இருப்பது ஒன்று, ஆள் இருப்பது வேறொன்று என்பதைக் கொழும்பு ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டிய ஒல்லாந்தரின் ஆட்சியில் உத்தியோகமும் திருமணப் பதிவும் காணி உரிமையும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், பள்ளிக்கூடத் தோம்புகளில், அதாவது அக்காலப் பதிவேடுகளில், பெயர்கள் பெருகின. அந்தப் பிணைப்பு ஆங்கிலேயர் காலத்தில் அறுந்து, 1806இல் கத்தோலிக்கருக்கும் குடியுரிமைகள் மீளக் கிடைத்தபோது, தோம்பில் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையினராக இருந்தவர்களிற் பெரும்பாலானோர் தத்தம் பழைய கோயில்களுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் மதம் மாறினார்கள் என்பதைவிட, மாறாமலே எழுதப்பட்டிருந்தார்கள் என்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

இன்றைய நகர்வு இதற்கு நேர்மாறானது. எவரும் வற்புறுத்தாமலே, ஓசையின்றி நடப்பது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயார் செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறார். அங்கே அவருக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றுபவர் ஓர் இந்துப் பெண்மணியாகவும் இருப்பார். மகன் ஞாயிறு காலையில் வாடகை மண்டபமொன்றில் கூடும் சுயாதீன சபைக்குப் போகிறார், ஆனால் தம் திருமணத்தைப் பங்குக் கோவிலில்தான் வைத்துக்கொண்டார். மகள் கனடாவில் இருக்கிறார். பங்கின் கணக்கில் இவர்கள் மூவரும் இன்னும் ஒரே வீடு, ஒரே குடும்ப அட்டை.

அரசின் கணக்கும் இங்கே அதிகம் உதவாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கத்தோலிக்கரை 6.2 வீதமென்றும் 'ஏனைய கிறிஸ்தவர்' 1.4 வீதமென்றும் காட்டுகிறது. அங்கிலிக்கன் சபையிலிருந்து ஒருவர் பெந்தகொஸ்தே சபைக்குப் போனால், அவர் 'ஏனைய கிறிஸ்தவர்' என்ற அதே நிரலுக்குள்ளேயே இடம்பெயர்கிறார். அட்டவணையில் ஒரு புள்ளிகூட அசையாது.

நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தாம் விரும்பும் மதத்தை உடையவராக இருக்கவும் அதைத் தழுவவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 2004இல் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது அந்த உறுப்புரையை முன்வைத்தே நாம் வாதாடினோம். ஆனால், நம்மிடமிருந்து ஒருவர் வேறு சபைக்குப் போகும்போது அதே சுதந்திரத்தை நாம் 'ஆடு திருட்டு', அதாவது பிற சபையின் மந்தையைக் கவர்வது, என்று அழைப்பது எவ்வகையிலும் நேர்மையாகாது.

ஆகவே சபை நிர்வாகக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தா நிலுவைப் பட்டியலை முன்னிட்டு வீடு சந்திக்கச் செல்வதை நிறுத்துங்கள். நிலுவையைக் கேட்கப் போனவரிடம் எவரும் தம் மனமாற்றத்தைச் சொல்லமாட்டார். வேறு சபையில் சேர்ந்தவர் கேட்டால், மாற்றுக் கடிதத்தை மூன்று மாதம் இழுத்தடிக்காமல் அந்த வாரமே கொடுங்கள். வெளிநாடு சென்றோரின் பெயர்களைத் தனிப் பட்டியலாக்குங்கள். அதன்பின் மிஞ்சும் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம்; அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த எண்ணை அப்படியே வாசியுங்கள்.