திவோலியில் பாடும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணை மூடிக்கொண்டும் ரசிக்கக்கூடிய ஒரு தோட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலிக்குப் பொருத்தமான தோட்டம் அது.

ரோம் நகரிலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டர் போனால் மலைச்சரிவில் திவோலி என்ற ஊர். 1550-இல் இப்போலித்தோ தெஸ்தே என்ற கர்தினால் அங்கே ஆளுநராக வந்தார். குடியிருக்கக் கிடைத்தது ஒரு பழைய துறவி மடம். அதை மாளிகையாக்கி, கீழே இருந்த பள்ளத்தைத் தோட்டமாக்கும் பொறுப்பை பீர்ரோ லிகோரியோ என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார். அதுதான் வில்லா தெஸ்தே. உள்ளே கூடம் கூடமாகச் சுவரோவியங்கள் உண்டு. எனக்கு வெளியே இருக்கும் தண்ணீர்தான் முக்கியம்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நீரூற்றுகள். கட்டியபோது மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. ஆனியெனே ஆற்றிலிருந்து ஊருக்கு அடியிலேயே சுமார் 600 மீட்டர் சுரங்கம் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். மொட்டை மாடித் தொட்டி நிறைந்திருந்தால் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்படிச் சீறுகிறது? அதே கணக்குதான். மேலிருந்து இறங்கும் வேகமே கீழே மேல்நோக்கிப் பீறிடுகிறது.

அந்தத் தண்ணீரை அவர்கள் பாடவும் வைத்தார்கள். ஒரு வாளித் தண்ணீரைக் குழாய்க்குள் வேகமாகக் கொட்டிப் பாருங்கள், கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்றை மூடிய அறைக்குள் அடைத்து, இசைக்குழல்களுக்குள் செலுத்தினார்கள். இன்னொரு நீரோட்டம் சக்கரத்தைச் சுற்றும். அது முளைகள் பதித்த உருளையைச் சுழற்றும். முளைகள் ஆர்கன் என்ற குழல் வாத்தியத்தின் விசைக்கட்டைகளை அழுத்தும். ஆள் இல்லாமல் ஆர்கன் தானே வாசிக்கும். ஆமாம், ஆள் இல்லாமல், நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு! 1572-இல் வந்து கேட்ட போப் பதின்மூன்றாம் கிரகோரி, உள்ளே என்ன இருக்கிறதென்று தாமே பார்க்க வேண்டும் என்றார். அந்த ஆர்கனைச் செய்த கிளோத் வெனாரையும் அழைத்துப் பேசினார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆந்தை நீரூற்று. கிளைகளில் வெண்கலப் பறவைகள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஓர் ஆந்தை மெல்லத் திரும்பும். அவ்வளவுதான், பறவைகள் அத்தனையும் கப்சிப். ஆந்தை விலகியதும் மறுபடி ஆரம்பிக்கும். இதுவும் தண்ணீரும் காற்றும் செய்யும் வேலைதான். அந்தக் கீச்சொலியை விட எனக்கு அந்த மௌனம்தான் பெரிய அதிசயம். சத்தம் எழுப்பத் தெரிந்தவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்றும் யோசித்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் கவனிப்பில்லாமல் இவையெல்லாம் ஊமையாகிப்போயின. நீண்ட காலம் அப்படியே கிடந்தன. பழுதுபார்த்து, 2003-இல் ஆர்கனை மறுபடி வாசிக்க வைத்தார்கள். ஆந்தையும் இப்போது திரும்புகிறது.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். சைப்ரஸ் மரங்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும். இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் இந்த மாளிகையில் பல முறை வந்து தங்கினார். 1877-இல் இதன் நீரூற்றுகளைப் பற்றியே ஒரு பியானோ இசை எழுதினார். கிடைத்தால், முதல் ஒரு நிமிடமாவது கேளுங்கள். வணக்கம்.