கல்லில் இல்லாத பெயர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழன் மேல் விழுந்த பழி நிற்குமா?’ என்பது தலைப்பு. நிற்காது என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆதித்த கரிகாலன் சுந்தர சோழரின் மூத்த மகன், ராஜராஜனின் அண்ணன்; உத்தம சோழன் அவர்களுக்குச் சிற்றப்பன் முறை.

எனக்கு முன்னால் பேசிய தங்கை நன்றாகவே வாதாடினார். மூத்த பிள்ளை செத்தான், அரியணை சிற்றப்பனுக்குக் கிடைத்தது, அவர் சுமார் பதினைந்து வருடம் ஆண்டார், கொலைகாரர்கள் மேல் ராஜராஜன் வந்த பிறகுதான் நடவடிக்கை வந்தது, அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்டார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரே சந்தேகப்பட்டார் என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, சாட்சிக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டுதான் இந்த வழக்கின் உயிர். ராஜகேசரியின் 2ஆம் ஆட்சியாண்டு என்று தொடங்குகிறது. ராஜகேசரி என்பது சோழ அரசர்கள் பலர் வைத்துக்கொண்ட பட்டம். அந்த ராஜகேசரி ராஜராஜன் என்று கொண்டால் 986-87. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று சொல்லி, சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று பெயர்களை அடுக்குகிறது. அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலத்தையும் விடவில்லை.

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். அது நிலத்தைப் பற்றிய ஆவணம். துரோகிகளின் நிலம் பறிபோனதையும் விலைக்கு விற்றதையும் பேசுகிறது. அவர்கள் என்றைக்குப் பிடிபட்டார்கள், என்ன தண்டனை பெற்றார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நம் தாலுகா ஆபீஸில் ஒரு நிலம் கைமாற எத்தனை வருடம் ஆகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நிலம் விற்ற வருடத்தை வைத்துக்கொண்டு, அதுவரை ஒருவரையும் தண்டிக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? எதிரணி சொல்லும் அந்தப் பதினைந்து வருட மௌனம் கல்வெட்டில் இல்லை. நாம் போட்ட கணக்கு அது.

அடுத்தது காரணம். பஞ்சவன் என்றால் பாண்டியன். செத்த இளவரசனோ வீரபாண்டியன் தலையைக் கொண்டவன். பழிவாங்க நினைத்தவர்கள் மதுரைப் பக்கமும் இருந்திருக்கலாமே! பட்டப்பெயரை மட்டும் வைத்து அவர்கள் பாண்டியன் ஆட்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது சோழ அதிகாரிகளுக்கும் கொடுத்த பட்டம்தான். ஆனால் லாபம் அடைந்தவனே குற்றவாளி என்றால், வன்மம் வைத்திருந்தவனை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

எதிரணியின் பலமான ஆயுதம் திருவாலங்காட்டுச் செப்பேடு. சிற்றப்பனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை அருண்மொழி, அதாவது ராஜராஜன், அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது அது. ஆசை இருந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர் முன்பு ஆண்ட கண்டராதித்தரின் மகன், உரிமை உள்ளவர், ஆசைப்பட்டார். அந்தச் செப்பேட்டை வெட்டுவித்தவன் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், கொலையுண்டவனின் சொந்தத் தம்பி மகன். உத்தமனைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன? ஆதித்தன் விண்ணுலகம் போனதைச் சொல்லுமிடத்தில் கூட அது சிற்றப்பனைக் குற்றம் சாட்டவில்லை.

எனக்கு மனசில் நிற்பது இன்னொன்று. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பெரிய அதிகாரி. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவிக்கு ராஜேந்திரன் சிலையே எடுத்தான். துரோகிகளின் உறவுக்காரர் நிலத்தைக் கூட விடாத அரசு, அண்ணனைக் கொன்றவன் என்று நினைத்திருந்தால் அவன் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுமா?

நம் ஊர் அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கூட, எந்த அரசன் காலத்தில், எந்தத் தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுப் பட்டான் என்று வெட்டி வைத்த மண் இது. கல்லில் இருப்பதைப் படிப்பது நமக்குப் புதிதில்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உடையார்குடிக் கல்லில் உத்தம சோழனைத் துரோகி என்று சொல்லும் வரி எது? அந்த ஒரு வரியை இந்த மேடையில் படித்துக் காட்டட்டும்.