பேச்சு வந்த பிறகும் தேறாத வாசிப்பு

வணக்கம் நேயர்களே. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைக்குத் தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம் என ஏதோ ஒன்றால் பேச்சு போய்விடுகிறது. சில மாதங்களில் திரும்பினால் வீடே நிம்மதியாகிவிடும். அங்கேதான் கோட்டை விடுகிறோம். பேச்சு தேறினால் வாசிப்பும் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை.

நாலு வயதில், எழுத்தே படிக்காத பருவத்தில் அடிபட்டிருந்தால் குறை உடனே தெரியாது. ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஓடிவிடும். மூன்றாம் வகுப்பில் பாடம் பத்தி பத்தியாக வரும்போதுதான் திணறல். அதற்குள் பழைய காயம் எல்லாருக்கும் மறந்திருக்கும். குழந்தைக்குச் 'சோம்பேறி'ப் பட்டம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குழந்தை இதுவரை படிக்காத, ஒரே தரத்தில் உள்ள இரண்டு பத்திகள். முதல் பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி நாலு கேள்வி கேளுங்கள். இரண்டாவதைக் குழந்தையே வாசிக்கட்டும். அதிலும் நாலு கேள்வி. பத்தியைப் படித்தால்தான் பதில் தெரியும் என்பது போன்ற கேள்வியாக இருக்கட்டும். நீங்கள் வாசித்ததற்குப் பதில் வந்து, தான் வாசித்ததற்கு வரவில்லையா? எழுத்துக்கூட்டுவதில் சிக்கல் இருக்கலாம். 'தபிலு', 'மெகூடி' என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஊகம் எடுபடாது. இரண்டு பத்திக்குமே பதில் இல்லையா? மொழியைப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல் என்று சந்தேகிக்கலாம். கடகடவென்று வாசித்துவிட்டுப் பதில் தெரியாமல் விழிக்கிற குழந்தையும் உண்டு. வாசிப்பு சரளமாக இருப்பதால் அந்தக் குழந்தையைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பார்வையின் வலப்பக்கம் மறையலாம். அப்போது சொல்லின் வால் விடுபடும். தமிழில் வேற்றுமையும் காலமும் பாலும் அந்த வாலில்தானே இருக்கின்றன! 'அக்காவுக்குத் தம்பி கொடுத்தான்' என்பதில் 'அக்கா' மட்டும் கண்ணில் பட்டால், கொடுத்தது யார், வாங்கியது யார்? சொல்லின் கடைசி எழுத்து வரை விரலை ஓட்டச் சொல்லுங்கள். வரி முடியும் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, கண் அதைத் தொட்ட பிறகே அடுத்த வரிக்குப் போகப் பழக்குங்கள். கண் மருத்துவரிடம் பார்வைப் புலத்தையும், அதாவது கண்ணை அசைக்காமல் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழந்தைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், பத்து நிமிடம் வாசித்தால் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் வாசிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றை ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.