உணர்வை அளக்கும் வினாக்கள் யாருக்குப் பொருந்தும்?

நேயர்களுக்கு வணக்கம். மனச்சோர்வு, பதற்றம், மகிழ்ச்சி போன்றவற்றை அளக்க உளவியலாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது, சம்பந்தப்பட்டவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் விடைகளைத்தான். ரத்தப் பரிசோதனையில் தெரியாத ஒன்றை அவரிடமே கேட்டறிவது நியாயமான வழியே. ஆனால் ஒரு சமூகத்தாரிடம் சோதித்துச் சீர்செய்த வினாத்தாளை இன்னொரு சமூகத்தாரிடம் அப்படியே நீட்டி, கிடைத்த மதிப்பெண்களை அருகருகே வைத்து, 'இவர்களுக்கே மனச்சோர்வு அதிகம்' என்று முடிவு கட்டுவது பெரும் தவறு.

1977-இல் அமெரிக்காவில் லெனோர் ராட்லாஃப் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதில் 20 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 16-ஐத் தொட்டால் அவரை மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த 20-இல் 4 கூற்றுகள் 'மகிழ்ச்சியாக இருந்தேன்', 'எதிர்காலம் குறித்து நம்பிக்கை இருந்தது' என்பன போன்ற நல்லுணர்வுக் கூற்றுகள்; இவற்றை மறுத்தால் மதிப்பெண் கூடும். 'நன்றாக இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அஞ்சி, 'ஏதோ போகிறது' என்று மட்டுமே சொல்லிப் பழகிய ஒரு பாட்டி, இந்த நான்கையும் மறுத்தால் அதிலேயே 12 வந்துவிடும். மூட்டுவலியால் தூக்கம் கெட்டிருந்தால் மீதி எளிதாகச் சேர்ந்துவிடும். ஜப்பானில் நடந்த ஆய்வுகளிலும், துயரக் கூற்றுகளைவிட இந்த நல்லுணர்வுக் கூற்றுகளில்தான் அமெரிக்கர்களோடு பெரிய வேறுபாடு தென்பட்டது.

வாழ்க்கைமுறையும் விடைக்குள் நுழைந்துவிடும். 2001-இல் வெளியாகி இன்று உலகெங்கும் வழங்கும், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாள், கடந்த இரண்டு வாரங்களின் தூக்கத்தையும் களைப்பையும் கேட்கிறது. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், கூடை நிரப்பி, தெருத்தெருவாக விற்றுத் திரும்பும் அக்காவுக்கு இந்த இரண்டும் தொழிலின் பகுதி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வரும்போது அவர் போதிய அளவு தூங்கக்கூடும், கையில் காசில்லாத கவலை மனத்தை அரித்துக்கொண்டிருந்தாலும். துன்பம் ஏறும் நேரத்தில் அந்த வினாக்களின் மதிப்பெண் இறங்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகளில், வினாத்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்ணான கிரான்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியது என்று ஒரு வரி எழுதி நிறைவடைந்துவிடுகிறார்கள். வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. அளக்கப்படுவது மனச்சோர்வுதானா என்பதை அது காட்டாது. சௌகார்பேட்டையின் மார்வாடிக் குடும்பங்களையும், திருவல்லிக்கேணியின் உருதுக் குடும்பங்களையும், ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களையும் ஒப்பிட விரும்புபவர், மொத்தத்தில் ஒரே அளவு சோர்வுள்ளவர்கள் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே மாதிரி விடை தருகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். தராத வினாவை வைத்துக்கொண்டு சராசரிகளை ஒப்பிடக் கூடாது.

அதற்கும் முன்னதாக, ஒவ்வொரு சமூகத்திலும் சிலரோடு உட்கார்ந்து, 'இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிந்தது? எதை நினைத்து இந்த விடையைச் சொன்னீர்கள்?' என்று கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு யார் வாசித்துக் காட்டுகிறார், பக்கத்தில் மாமியார் இருக்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய வினாவுக்கு அந்தச் சூழலில் உண்மையான விடை வராது. பிறகு, அதே மனிதர்களை மதிப்பெண் அறியாத ஒரு மனநல மருத்துவர் நேரில் பேசிக் கணிக்க, அந்தக் கணிப்போடு ஒப்பிட்டு அந்தச் சமூகத்துக்கு உரிய எல்லை மதிப்பெண்ணை வகுக்க வேண்டும். பணமும் காலமும் பிடிக்கும் வேலைதான். ஆனால் யாருக்குச் சிகிச்சை, யார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார் என்பதை அந்த ஓர் எண்தான் தீர்மானிக்கிறது என்பதால், ஆய்வுக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே இதற்கான செலவைத் தனியே காட்டுமாறு சென்னையின் ஆய்வு மாணவர்களையும் அவர்களுடைய வழிகாட்டிகளையும் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.