உப்பிட்ட கடற்கரை

(திருவான்மியூரில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு நானே எழுதினேன். இருமலை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, அழைத்தவுடன் வந்து கடைசிவரை உட்கார்ந்திருக்கிறேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிற மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, அந்தப் பொன்னாடைக்குப் பணம் கொடுத்த பொருளாளர் அவர்களே, முன் வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கோலப் போட்டியில் பரிசு வாங்கியும் வாங்காமலும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் சுண்டல் வேகும் வாசனையை முகர்ந்தபடி எனக்குக் காது கொடுத்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் இன்றைக்கும் வந்திருக்கிறார். ஐயா, தங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘புது ஊரில் வாழ்வது எப்படி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். 34 வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு 2023இல் மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தேன். வந்த மூன்றாம் நாள் வாசலில் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்தவன், கேனைக் கவிழ்த்துக் குடிக்கப் பழக வேண்டியதாயிற்று. “ஊருக்கே போயிருதேன்” என்று மகளிடம் சொன்னேன். “போங்கப்பா, ஆனா ஒரு மாசம் சும்மா ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போங்க” என்றாள். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை.

புது ஊர் நம் ஊர் ஆவதற்கு நான்கு வழி உண்டு: நாக்கு, கால், கண், காது. நான்கையும் வரிசையாகச் சொல்கிறேன். என் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள்: “உப்பிட்டவரை உள்ளளவும் நினை.” அதையும் இடையிடையே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாக்கு. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, இஞ்சிப் பச்சடியோடு சாப்பிடுவது. அதைத் தேடிக்கொண்டு இந்த ஊரில் அலைந்தால் பசியோடுதான் திரும்ப வேண்டும். இந்த ஊர் எதைக் கொடுக்கிறதோ அதைச் சாப்பிட வேண்டும். சைதாப்பேட்டை வடகறியை செட் தோசையோடு சாப்பிட்ட அன்றைக்குத்தான் எனக்கும் சென்னைக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியது. நேற்றுச் சுட்ட மசால் வடைக்கு இன்றைக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.

பிறகு ஒரு சாயங்காலம் பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய தெருவில், அத்தோ சாப்பிட்டேன். தள்ளுவண்டிக்காரர் கையாலேயே நூடுல்ஸை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து நீட்டினார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அது பர்மாவிலிருந்து வந்த சாப்பாடு. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சொந்த மொழி பேசும் ஊர்தான், ஆனாலும் அவர்களுக்கு அது புது ஊர். சொத்தைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அதைச் சென்னைச் சாப்பாடு என்று நாம் சொல்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சாப்பிட்டவனுக்கு மட்டும் சொன்னதில்லை. வந்த இடத்தில் அவர்களும் இந்த ஊருக்கு உப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கால். நடக்க வேண்டும். ஆட்டோவில் போனால் ஊர் தெரியாது, மீட்டர்தான் தெரியும். மீட்டர் கூடத் தெரியாது என்று பின்னாலிருந்து ஒரு தம்பி சொல்கிறார், உண்மைதான். கிண்டியில், நகரத்தின் நட்ட நடுவில், ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 2.7 சதுர கிலோமீட்டர். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. வெளிமான், முறுக்குக் கொம்போடு, பேருந்துச் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்று புல் மேய்கிறது. நாங்களெல்லாம் கூந்தன்குளத்துக்குச் செங்கால் நாரை பார்க்கப் பஸ் மாறிப் போனவர்கள். இங்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகிற 200 அடி சாலை ஓரத்தில் நின்றால் போதும். ஒரு பக்கம் பூநாரைக் கூட்டம், இன்னொரு பக்கம் நீலத் தாழைக்கோழி கோரைக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறது, நம் தலைமையாசிரியர் ஐயா வகுப்பைச் சுற்றி வருவதுபோல. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்தை ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், என்று அறிவித்தார்கள். அப்படியே திரும்பிப் பார்த்தால் பெருங்குடி குப்பைமேடும் தெரியும். அதைப் பேசினால் சுண்டல் ஆறிவிடும், இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். இதற்காகத்தான் மைக்கைப் பிடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி. மருமகன் வந்து, “மாமா, ராத்திரி ஆமை நடைக்குப் போறோம், வாரீகளா?” என்றார். இந்தக் கடற்கரையில் 1970களிலிருந்தே தன்னார்வலர்கள் ராத்திரியில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. நடை என்றால் வாக்கிங்தானே என்று நினைத்து, கேன்வாஸ் ஷூ, மங்கி குல்லாய், நான்கு செல் டார்ச், தூக்குவாளியில் புளியோதரை சகிதம் நீலாங்கரையில் போய் நின்றேன். மணி பதினொன்றரை.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்தான் எங்களுக்குத் தலைவி. கையில் ஒரு குச்சி. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “தாத்தா, டார்ச்சை அணைங்க.” “ஏட்டி, பாம்பு கிடந்தா என்ன செய்ய?” என்றேன். “பாம்பு உங்களைப் பார்த்து ஓடிரும் தாத்தா. ஆமைதான் பயந்துட்டுக் கடலுக்கே திரும்பிரும்.” அணைத்தேன். ஷூவையும் கழற்றச் சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் புளியோதரை வாசனைக்கு நாலு நாய்கள் எங்கள் பின்னால். ஆமை முட்டையைத் தோண்டித் தின்பதே நாய்தான், அதை நானே விருந்து வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் மருமகன் தூக்குவாளியோடு பின்தங்கி நாய்களை வேறு பக்கம் அழைத்துப்போனார். அன்றைய ஆமையை அவர் பார்க்கவில்லை. இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

மணி இரண்டு இருக்கும். முன்னால் போன பெண் சட்டென்று கையைத் தூக்கி நின்றாள். மணலில் டிராக்டர் ஓட்டியதுபோல ஒரு தடம், கடலிலிருந்து ஏறியிருக்கிறது, இறங்கவில்லை. தடத்தின் முனையில் ஒரு கரும்பாறை. பாறை மூச்சு விட்டது! அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, பெரியவர்கள் திண்ணையில் உட்காரும்போது விடுகிற மூச்சு. பின்துடுப்பு இரண்டையும் அகப்பைபோல மடக்கி, ஒன்று மாற்றி ஒன்றாக மணலை அள்ளி வெளியே வைக்கிறது. கழுத்துச் சிறுத்து அடி பருத்த கூஜாபோல ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி. முட்டையிட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கித் தொம் தொம்மென்று போட்டு, தரையைக் கெட்டிப்படுத்துகிறது. கொல்லுப்பட்டறையில் சம்மட்டி போடுவது மாதிரி. அதன் கண்ணில் நீர் வடிந்தது. நான் உருகிப்போய், “பாவம், பிரசவ வலி” என்றேன். “இல்லை தாத்தா, கடல்ல குடிச்ச உப்பை அது கண் வழியாத்தான் வெளியேத்தும்” என்றாள். உப்பு! எங்கம்மா பழமொழி அந்த நேரத்தில் மண்டையில் மணியடித்தது.

ஆமை கடலுக்குள் போன பிறகு, நாயும் நரியும் தொடாமல் இருக்க முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பெண் தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பிங்பாங் பந்து அளவு, ஆனால் ஓடு தோல்போல லேசாக அமுங்குகிறது. எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நோட்டு எண்ணிய கை ஐயா இது! 118. நோட்டில் எழுதினார்கள். விடியற்காலையில் பொரிப்பகத்தில் அதே அளவுக்குக் குழி தோண்டி உள்ளே வைக்கும்போது எண்ணுகிறார்கள், 117. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போகாதவன் நான். “போகட்டும் தாத்தா” என்கிறார்கள். போகட்டுமா? டேலி ஆகாமல் எப்படிப் போகும்? துணிப்பையை உள்வெளியாகத் திருப்பினேன். மூலைத் தையலில், ஈர மணலோடு ஒட்டிக்கொண்டு ஒன்று இருந்தது. 118. எல்லோரும் கைதட்டினார்கள். (இங்கேயும் தட்டினார்கள். நன்றி.) ஏறக்குறைய ஐம்பது நாள் கழித்து 96 குஞ்சு வெளியே வந்தது. சாயங்காலம் ஈர மணலில் விட்டோம். அலை வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். அன்றைக்குப் பங்குனிதான்.

இதுவரை சிரித்தீர்கள். அதே வருஷம் ஏப்ரலில் ஒரு விடியற்காலை நடந்துபோகும்போது, யாரும் கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு குழியைப் பார்த்தேன். நடுவில் பள்ளம். அதிலிருந்து மணலில் சீப்பால் இழுத்ததுபோலச் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்றுகூடக் கடலைப் பார்த்துப் போகவில்லை. எல்லாம் மேற்கே, சாலையைப் பார்த்து, ஒரு விடுதியின் புல்வெளி விளக்கை நோக்கிப் போயிருந்தன. விடுதியின் பெயர் வேண்டாம். மதில் ஓரத்தில் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. அதையும் எண்ணினேன். 31.

ஏன் அப்படிப் போகின்றன? மின்விளக்கு இல்லாத காலத்தில் ராத்திரியில் கடலின் பக்கம்தான் வெளிச்சம், கரை இருட்டு. குஞ்சுக்கு அதுதான் முக்கியமான வழிகாட்டி, வெளிச்சமான பக்கம் ஓடு என்பதுதான் அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. நாம் கரையில் விளக்கைப் போட்டுக் கடலை இருட்டாக்கிவிட்டோம்.

2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். ஆமை மீனில்லை, மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் மூச்சுத் திணறிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது, மாமன்ற உறுப்பினர் அம்மாவும் மேலே சொல்வார்கள் என்று நம்புகிறேன். கடலில் நடப்பதற்கு நம் கையில் ஒன்றுமில்லை. சுவிட்ச் நம் கையில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய, ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்துவரை, கடலைப் பார்த்த விளக்குகளை அணையுங்கள். மாநகராட்சி கடற்கரைத் தெருவிளக்கை அணைத்துக் கொடுத்தது உண்டு, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மொட்டைமாடி விளக்கு, பால்கனி சீரியல் பல்பு, விடுதிப் புல்வெளி, இவையெல்லாம் நம்முடையவை. போன கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து, “இருட்டில் பெண்கள் எப்படி நடப்பது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை. விசாரித்தேன். நடைபாதை விளக்கைத் தாழ்வாக வைத்து, கடல் பக்கம் மறைப்புத் தகடு போட்டு, வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் பல்பு போட்டால் நமக்கும் வழி தெரியும், ஆமையையும் அவ்வளவாகக் குழப்பாது என்கிறார்கள். பொருளாளர் அவர்களே, பொன்னாடைச் செலவை நிறுத்தினால் தகடு வாங்கிவிடலாம். இதையே முதல் தகட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவன், போகிறவன் எல்லோருக்கும் சோறு போட்டிருக்கிற ஊர் இது. இந்தக் கடலிலிருந்து வந்த உப்புத்தான் நம் இலையில் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எங்கம்மா சொன்னாள், பத்து மணிக்கு மேல் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

காதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைவர் மணியடித்துவிட்டார், அதுவே காதுக்குப் போதும். வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், கடலைப் பார்த்த வீட்டுக்காரர்கள் கதவு எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நானே எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

கடைசியாக ஒன்று. மேடைக்குப் பின்னால் கிழக்கே பார்த்து ஒரு ஃபோகஸ் லைட் கட்டியிருக்கிறீர்களே, சவுண்ட் சர்வீஸ் தம்பி எங்கே இருக்கிறார்? தம்பி, இன்னும் மணி பத்தாகவில்லை, தெரியும். இருந்தாலும் அதை இப்போதே கொஞ்சம் அணைத்துவிடுங்கள். சுண்டல் வாங்க இந்தப் பக்கத்து வெளிச்சமே போதும்.