உபதேசத்தில் உறுதி, பேச்சில் மரியாதை

அன்பானவர்களே, உபதேச வேறுபாடு என்று பேச்செடுத்தாலே இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் உடனே வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவார். இன்னொருவர், "எல்லாம் ஒரே ஆண்டவர்தானே, விடுங்கள்" என்று பேச்சை மாற்றுவார். முதல் ஆளைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். எனக்கென்னவோ இரண்டாமவரிடமும் மரியாதை குறைவாகவே தெரிகிறது. ஒருவர் வருஷக்கணக்காக வேதத்தை வாசித்து, ஜெபித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அதைக் காதிலேயே வாங்காமல் "எல்லாம் ஒன்றுதான்" என்றால், அவர் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு?

அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிடுவதை விட்டு பேதுரு ஒதுங்கினபோது, பவுல் "முகமுகமாய்" எதிர்த்ததாக எழுதுகிறார். முதுகுக்குப் பின்னால் போய் ஆள் சேர்க்கவில்லை. அதே பவுலைப் பற்றிப் பேதுருவின் இரண்டாம் நிருபம் "நமக்குப் பிரியமான சகோதரன்" என்கிறது.

அடுத்து ஜான் வெஸ்லி, ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கிமார்; நெருங்கிய நண்பர்கள். முன்குறித்தலில், அதாவது இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்பே தெரிந்துகொண்டார் என்ற உபதேசத்தில், மோதிக்கொண்டார்கள். ஒயிட்ஃபீல்டு அதை ஏற்றார், வெஸ்லி மறுத்தார். 1739-இல் வெஸ்லி செய்த பிரசங்கம் சாதாரணக் காரம் இல்லை; முன்குறித்தல் உபதேசம் தேவனைப் பிசாசைவிட மோசமானவராகக் காட்டுகிறது என்றே சொன்னார். ஒயிட்ஃபீல்டின் பதில் கடிதம் 1741-இல் அச்சாகி வெளிவந்தது. அதில் வாதத்துக்கு வாதம் பதில் இருந்தது. கூடவே, தேவசித்தம் அறிய வெஸ்லி சீட்டுப் போட்டுப் பார்த்த தனிப்பட்ட விஷயத்தையும் போட்டு உடைத்துவிட்டார். பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். எதற்கு? சீட்டு விஷயத்தை வெளியில் சொன்னதற்கு மட்டும். உபதேசத்தில் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. என் கணக்கில் இதுதான் சரியான மன்னிப்பு. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கருத்தை மழுப்பிவிடுகிறோம், ஆளைத் திட்டியதை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது, அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அப்போதும் இருவர் கருத்தும் ஒன்றாகிவிடவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். நான் விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நம்புகிறவன். எங்கள் பக்கத்தில் சுலபமாக வரும் பேச்சு, "தலையில் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்தவனாகிவிடுவானா?" என்பது. கைதட்டல் கிடைக்கும். ஆனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் விஷயம் தெரிந்த ஒரு போதகர் அப்படியா சொல்கிறார்? அவர் சொல்வது வேறு. ஆபிரகாமோடு தேவன் செய்த உடன்படிக்கையில், எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற குழந்தைக்கும் இடம் இருந்தது. கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே பேசுகிறார். லீதியாள் தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள். குழந்தை ஒன்றும் செய்யாதபோதே கிருபை முந்திக்கொள்கிறது. இது லேசான வாதம் அல்ல. இதை அவர் கேட்டு, "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டிய பிறகுதான் என் பதிலைத் தொடங்க எனக்கு உரிமை: சமாரியாவில் விசுவாசித்த ஆண்களும் பெண்களும்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள் (அப்போஸ்தலர் 8:12). பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனின் வீட்டார் முதலில் வசனத்தைக் கேட்டார்கள். வீட்டார் என்ற இடத்தில் கைக்குழந்தை இருந்ததாக எங்கும் எழுதவில்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எல்லா வேறுபாடும் ஒரே எடை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்து தேவனா, படைக்கப்பட்டவரா என்பது 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் முன் நின்ற கேள்வி. அதையும் ஞானஸ்நான முறையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாவதில் மரியாதையோடு பேசலாம். ஆனால் கடைசியில் "நாம் ஒரே விசுவாசம்" என்று சொல்லிவிட்டு எழ முடியாது. இரண்டாவதில் முடியும்.

1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் திருவிருந்தைப் பற்றி வாதாடினார்கள். அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாகவே இருக்கிறது என்றார் லூத்தர்; அது அடையாளம் என்றார் சுவிங்லி. "இது என் சரீரம்" என்ற வசனத்தை லூத்தர் மேஜையிலேயே சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார். உடன்பாடு வரவில்லை, பிரிந்தே போனார்கள். ஆனாலும் 15 தலைப்புகளில் 14-இல் ஒத்துப்போகிறோம், கடைசியில் இந்த இடத்தில் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அளவு தெளிவாவது நமக்கு வேண்டும்.

இனி கேள்வி நேரம். ஞானஸ்நானத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் முதலில் வாருங்கள். உங்கள் தரப்பை நான் சரியாகச் சொன்னேனா என்பதிலிருந்தே தொடங்கலாம்.